நனையாத சரக்கு

சமையலறையை நடத்துவது என்ன பெரிய பிரம்ம வித்தையா என்று கிடங்குக்காரர் கேட்டுவிட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் நிறுத்தவில்லை. மலை மலையாய் மூட்டைகளை அடுக்கி, ஒன்றுகூடக் கெடாமல் காப்பாற்றுகிற தனக்கு, நாலு கத்தரிக்காயும் ஒரு டப்பா கடலையும் எம்மாத்திரம் என்று இன்னும் ஒரு படி மேலே ஏறினார்.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பார். அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே ஒப்பந்தம் பேசினாள். ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, சனிக்கிழமை மதியம் அண்ணனோடு சாப்பாட்டுக்கு வருவாள். அதுவரை அடுக்களை அவர் பொறுப்பு. வரும்போது காய்கறி வாடாமல் இருக்க வேண்டும், தட்டில் கொண்டைக்கடலை பூவாக வெந்திருக்க வேண்டும். அப்படி நடந்துவிட்டால் சமையல் பேச்சையே எடுக்க மாட்டாள். நடக்காவிட்டால், இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது.

வாரம் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்தான் சொர்க்கம். ஆனாலும் மீசை என்று ஒன்று இருக்கிறதே. அதை முறுக்கிக்கொண்டு சரி என்றார்.

"கடலையை முதல் நாளே ஊறப்போடுங்க," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எனக்கா சொல்லித் தர்றே?"

அவள் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஈரத்துணியில்! அவர் தொழிலில் நனைந்த சரக்கு என்றால் செத்த சரக்கு. தூறல் விழுந்தாலே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் அவர். துணியை உருவி எறிந்துவிட்டு, கீரையை மின்விசிறிக்கு அடியில் பரப்பி உலர்த்தினார். பீன்ஸையும் கேரட்டையும் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினார். வெங்காயத்துக்கு ஒரு கூடை, உருளைக்கிழங்குக்கு ஒரு கூடை என்று அவள் இடத்தை வீணாக்கி வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகக் கொட்டி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அடுக்கி முடித்ததும் அவருக்கே அவர்மேல் மரியாதை வந்தது.

வாரம் முழுக்க ஹோட்டலில் சாப்பிட்டுச் சமாளித்தவர் வெள்ளிக்கிழமைதான் திறந்து பார்த்தார். கீரை தொட்டதும் பொடிந்தது. டேப்புக்குள் பீன்ஸ் வியர்த்து, கொழகொழத்து, நாறியது. உருளைக்கிழங்கு முளைவிட்டு அவரையே முறைத்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடிப் புதுசாக வாங்கி அடுக்கினார். பாதி மானம் தப்பியது.

மீதி மானம் குக்கரில் இருந்தது. கடலையை ஊறப்போடவே இல்லை. நல்ல காய்ந்த சரக்கைத் தன் கையாலேயே நனைப்பதா? உப்பு, புளி, கடலை எல்லாவற்றையும் ஒரே லோடாக ஏற்றி அடுப்பைப் பற்றவைத்தார். விசில் வந்தது. மேலும் மேலும் வந்தது. திறந்து ஒன்றைக் கடித்தார். கடலை அசையவில்லை, பல் அசைந்தது. யாரிடமும் தன் பருப்பு வேகும் என்று நம்பியிருந்தவருக்குத் தன் அடுப்பிலேயே கடலை வேகவில்லை. மணி பன்னிரண்டை நெருங்க, இனி ஆயுளுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று முடிவு கட்டினார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு டீச்சர். விசில் சத்தம் தாங்கவில்லை போலும். குக்கருக்குள் எட்டிப் பார்த்தார்.

"முதல்லயே புளியும் உப்பும் போட்டா கடலை முறுக்கிக்கும் தம்பி. அதுவும் ஊறாத கடலை!"

சொல்லிவிட்டுப் போனவர், காது நசுங்கிய ஒரு பாத்திரம் நிறைய வெந்த கடலையோடு திரும்பினார். தெய்வமே நேரில் வந்ததாகக் கிடங்குக்காரர் கும்பிட்டார். அவசர அவசரமாகத் தாளித்தார். பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்து, தடயமே இல்லாமல் டீச்சர் வீட்டில் சேர்த்துவிட்டு வந்து உட்காரவும், வண்டிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

மச்சான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மாப்பிள்ளை, கடலை வெண்ணெயா கரையுதே! நீங்களா செஞ்சீங்க?"

"பின்னே, வேற யாரு?" என்றார் கிடங்குக்காரர் கூசாமல். அப்பாடா என்று இருந்தது. பிழைத்தோம்டா சாமி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். மனைவி இன்னொரு கரண்டி கடலை போட்டுக்கொண்டாள்.

அண்ணனை அனுப்பிவிட்டு வந்து அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "ஒரு வாரத்துக் கீரைங்க இது. வேர்ல மண்ணுகூட இன்னும் காயல. கெட்டிக்காரர்தான்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"காது நசுங்கின பாத்திரம் எங்கே?"

"அது டீச்சரோடது. அப்பவே திருப்பிக் குடுத்தாச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது நம்ம வீட்டுப் பாத்திரங்க. நான்தான் கடலையை வேகவச்சு டீச்சர் ஃப்ரீசர்ல வச்சுட்டுப் போனேன். விசில் நிக்காம கேட்டா எடுத்துச் சூடுபண்ணிக் குடுங்கன்னு சொல்லியிருந்தேன்."

கிடங்கில் சாக்குத் தையலைப் பார்த்தே சரக்கின் கதையைச் சொல்கிறவர், சொந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்வேனா? உங்க மானம் என் மானம் இல்லையா?"

கிடங்குக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளைப்போல ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று கண்கூடக் கலங்கியது. அவள் கடலை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கும் சாப்பிட வர்றாராம். மாப்பிள்ளை கைச் சமையல்தான் வேணுமாம்."

கிடங்குக்காரர் சொம்பை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையாலேயே சரக்கை நனைத்தார்.