ஊட்டா அண்ணனும் பசித்த உலையும்

இரும்புக்கும் பசிக்கும் என்று முழுமனதாக நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கடத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன அட்டை மில்லில் என்னோடு வேலை பார்த்தார். நான் அங்கே எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் ஊட்டா அண்ணன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு ஆள் உயர எரிவாயு உலையின் வயிற்றைத் தட்டி, "ஊட்டா ஆயித்தா?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பு. பதில் வரும்வரை அசைய மாட்டார். எப்படியோ வந்துவிடும்.

"அண்ணே, இதெல்லாம் தேவையா?"

"பசிச்ச வாய்கிட்டப் போயி கரண்டு கேக்கலாமுங்களா சார்?"

பழைய அட்டைப் பெட்டிகளைக் கூழாக்கிப் புது அட்டை செய்யும் மில் அது. கூழில் தேறாத நார்ச் சகதி மலை மலையாகச் சேரும். அதைக் காயவைத்து உலையில் போட்டு, முழுக்க எரியவிடாமல் காற்றை அளந்து விட்டால் எரிவாயு வரும். கழுவி வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினால் கரண்ட்; மிச்சச் சூட்டில் ஈர அட்டை காயும். சகதியை வில்லையாக்க வாங்கிய மெஷின் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. அண்ணன் அசரவில்லை. ஊரிலிருந்து நாலு பெண்களைக் கூட்டி வந்து, சகதியோடு மரத்தூள் பிசைந்து, காம்பவுண்டுச் சுவர் முழுக்க வரட்டி தட்டவைத்தார். மாட்டுப் பண்ணை என்று நினைத்து, வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் பால் கேட்டார்.

என்ஜினுக்கு அனுப்பும் முன் வாயுவைத் தீக்குழாயில் கொளுத்திப் பார்ப்பார்கள். நல்ல தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. காற்று மட்டும் லேசாக நெளியும். அதற்கப்பால் மாந்தோப்பும் மலையும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அருகே போனால் நமக்கும் கால் நகராது.

"என்னண்ணே தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க சார். அதான் நல்லாருக்குது."

கனவு கலைய வேண்டுமே, கலைந்தது. வரட்டி ஈரமாக இருந்து பாதி நாளில் என்ஜின் நிற்பது வாடிக்கையாகிவிடவே, முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடணும். நின்னா, சனிக்கிழமை காயலாங்கடைக்காரன் வந்து வெட்டி எடுத்துட்டுப் போவான்."

அண்ணன் முகம் செத்துவிட்டது. வாரம் முழுக்க வரட்டிகளைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, நன்றாகக் காய்ந்தவற்றை மட்டும் களத்தில் அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதலாளி வருகிறாரே என்று அந்த நாலு பெண்களும் பக்தியோடு களம் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். கோலம் பிரமாதம். அடுக்கிய வரட்டி அத்தனையும் தொப்பலாக நனைந்திருந்தது.

அண்ணன் திட்டவில்லை. கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து என்னிடம் வந்தார். "சார், பைக் இருக்குதுங்களா? வூட்டுல கொஞ்சம் வெச்சிருக்கறன்."

அவர் வீட்டுக் கட்டில் நிறைய வரட்டி. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கும்பிடாத குறையாகச் சொன்னார்: "எடுத்துக்கிட்டுப் போயிருங்க சாமி. ஒரு வாரமா அது கட்டில்ல, நாங்க தரையில. எங்களுக்குப் புழுங்குதுன்னா, ஃபேன் இல்லாட்டி அதுக்குப் புழுங்குங்கறாரு!"

சாக்குச் சாக்காக நாலு நடை அடித்தோம். உலை மூண்டது, என்ஜின் பிடித்தது. அண்ணன் அன்று உலையை விட்டு ஓர் அடி நகரவில்லை. "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் முனகியபடியே ஒவ்வொன்றாகப் போட்டார். மதியம் போனது. என்ஜினின் ரீங்காரம் மில் முழுக்க ஒரே சீராகப் பரவி, வேலை செய்கிறவர்களே பாதித் தூக்கத்தில் மிதந்தார்கள். நான் மட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன்.

சாயங்காலச் சங்கு ஊதியது. முதலாளி சூடான அட்டையைத் தொட்டுப் பார்த்தார். "காயலாங்கடைக்காரனை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

எல்லாரும் கைதட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். உலை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தூக்குப்போசி மூடியபடியே இருந்தது. காலையில் கொண்டுவந்த களி. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கிட்டே போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஊட்டா ஆயித்தா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இல்லீங்க சார்" என்று போசியைத் திறந்து, களியைச் சரிபாதியாகப் பிட்டார்.