தொரை வீட்டுக்குப் போன தாய்மாமன் சீர்

கோயம்புத்தூரில் திருகாணித் தொரையின் கை படாத திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. பந்தயம் கட்டிச் சொல்வேன். மில்லில் இருந்த நூல் மிஷின்களை விடுங்கள், அது அவர் வேலை. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு, தபாலாபீஸ் கதவு, யார் வீட்டுக் கிணற்றுக் கப்பியாக இருந்தாலும் சரி, போகிற போக்கில் நின்று, கால்சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு திருகிவிட்டுத்தான் நகர்வார். ஒருமுறை பாதிச் சவரத்தில் எழுந்து சலூன் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டார். சவரம் செய்தவர் முகத்தைக் காணாமல் தேடி, கடைசியில் மீதியைத் தரையில் வைத்தே முடித்தார்.

நான் அவருக்கு ஜட்கா ஓட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு நானும் போனவன்தான், சவாரி இறக்க. அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். நன்றாக இருந்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, ஊரைச் சுற்றி மில் மில்லாக முளைத்த காலம் அது. சீமையிலிருந்து மிஷின் கப்பலேறி வந்தால், அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரரும் கூடவே வருவார். அப்படி வந்தவர்தான் நம்மாள். அவருடைய நிஜப் பேரை ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. என் குதிரை மட்டும் தும்மும்போது கிட்டத்தட்டச் சொல்லும்.

தமிழை மில் ஆட்களிடம் கற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் 'ங்க' போடாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். தொரை ஒருபடி மேலே போய், உயிருள்ளது இல்லாதது எல்லாவற்றுக்கும் போட்டார். குறுக்கே நாய் வந்தால், "நாயிங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்பார். மிஷின் நின்றுபோனால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏனுங்க, என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று விசாரிப்பார். என் குதிரையை அவர் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. அந்த மரியாதையெல்லாம் எனக்கு என் வீட்டிலேயே கிடைத்ததில்லை.

அவர் வந்து இரண்டு வருஷம் கழித்து அவர் சம்சாரம் வந்து சேர்ந்தார். தொரை அவரை 'அம்மணி' என்று கூப்பிட்டார், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அம்மணி யாரோடும் பேசவில்லை. கிளப்புக்குப் போனால் அங்கிருந்த பெரிய தொரைசானிகள், மிஷின் பூட்டுகிறவன் பெண்டாட்டிதானே என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்குள் மேல் தட்டு கீழ்த் தட்டு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டதில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. என்னிடம் அம்மணி தினமும் ஒரே ஒரு வார்த்தை பேசுவார்: "ஸ்லோ." குதிரைக்கே சந்தோஷமாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் பங்களா ஜன்னலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மணி முழுகாமல் இருக்கிறார் என்று செய்தி வந்ததும் தொரைக்குத் தலைகால் புரியவில்லை. பேறுகாலத்தையும் ஒரு மிஷின் வந்து இறங்குகிற மாதிரியே நினைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டினார். மில்லில் கழித்துப் போட்ட பல்சக்கரம், சைக்கிள் சங்கிலி எல்லாம் சேர்த்து, தானே ஆடுகிற தொட்டில் ஒன்று செய்தார். பரீட்சைக்குக் குழந்தை இல்லாததால், ஒரு பூசணிக்காய்க்குத் துணி சுற்றி உள்ளே படுக்க வைத்தார்.

"ஆடுங்க" என்று தொட்டிலிடம் சொல்லி, விசையைத் தட்டினார்.

பூசணிக்காய் ஜன்னல் வழியாகப் போனது. வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற மில் மேஸ்திரியின் காலடியில் விழுந்து சிதறியது. மேஸ்திரி ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொரை நோட்டை எடுத்து, "கொஞ்சம் வேகமுங்க" என்று எழுதிக்கொண்டார்.

இதற்குள் மில்லைச் சுற்றியிருந்த வீடுகளில் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் தலைச்சன் பிரசவம் என்றால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஏழு மாசம், எட்டு மாசம் ஆகியும் அம்மணி ஜன்னலிலேயே இருந்தார்.

"என்ன மனுசனுங்க அவரு? புள்ளத்தாச்சியப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பாம அடைச்சு வெச்சிருக்காரு!" என்றாள் என் சம்சாரம் ராமாத்தாள்.

"அவிய ஊடு சீமையிலல்ல இருக்குது? கப்பல்ல போகோணும்" என்றேன்.

"நீங்க என்னைய அன்னூருல எங்கப்பன் ஊட்டுக்கு அனுப்பறதுக்கே அழுதவருதான. அவருக்கு வக்காலத்து வாங்காம என்ன செய்வீங்க?"

ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது: தொரைக்கும் மாமனார் வீட்டுக்கும் சீர் விஷயத்தில் சண்டை. சமாதானம் செய்து வைப்பது நம் கடமை. மேஸ்திரி தலைமையில் ஆறு பேர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார்கள். ஏழாவதாக நான். நாலு பேர் வாயடிக்கிற இடத்துக்கு நான் போகாமல் இருந்ததில்லை.

"ஏனுங்க தொரை, தப்பா நெனைக்கப்படாது" என்று மேஸ்திரி ஆரம்பித்தார். "உங்க மாமனாரு கண்ணாலத்துக்கு என்னங்க சீர் செஞ்சாரு?"

தொரை எதற்கும் அளவு தவறாமல் பதில் சொல்கிறவர். நன்றாக யோசித்தார். "ஒரு டீ கெட்டிலுங்க. ஒரு கடியாரமுங்க."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ்வளவுதானுங்களா?"

"கடியாரம் ஓடலீங்க. நாந்தான் சரி பண்ணினேனுங்க."

மேஸ்திரி என் காதில், "மனுசன் எத்தனை நொந்து போயிருக்காரு பாத்தியா?" என்றார். பிறகு தொரையிடம், "கோவம் இருக்கும்தானுங்க. ஆனா அதைப் புள்ளத்தாச்சி மேல காட்டப்படாது. ஒரு காயிதம் போடுங்க. அம்மணிக்கு அண்ணன் தம்பி யாராச்சும் வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"அண்ணன் தம்பி இல்லீங்க. அம்மணி ஒத்தைப் புள்ளைங்க."

"அப்ப கொழந்தைக்குத் தாய்மாமன்?"

"இல்லீங்க."

டீ கெட்டிலைத் தாங்கிக்கொண்ட கூட்டம் இதைத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் அப்பன் இல்லாமல்கூட ஒரு குழந்தையை வளர்த்துவிடலாம். மாமன் இல்லாமல் மொட்டை கிடையாது, காது குத்து கிடையாது, ஒரு நல்ல காரியம் கிடையாது.

தொரை மெல்லச் சொன்னார். "கொழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் அம்மணி ஊருக்குப் போறாங்க. டிக்கெட்டு எடுத்தாச்சுங்க. இங்க அவங்களுக்கு யாருமில்லீங்க. போனா வரமாட்டாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷம் ஒப்பந்தமுங்க."

சொல்லிவிட்டு வழக்கம்போல ஸ்பேனரை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். முடுக்க அங்கே ஒன்றுமில்லை. திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

 மேஸ்திரிதான் கேட்டார்: "அம்மணி இந்த ஊர்ல யாருகூடயாச்சும் பேசுவாங்களா?"

தொரை என்னைக் கை காட்டினார். "வண்டிக்காரருங்ககிட்ட."

"என்ன பேசுவாங்க?"

"மெதுவாப் போங்கன்னு சொல்லுவாங்க" என்றேன்.

"அது போதும்" என்றார் மேஸ்திரி. "கூடப் பொறந்தவகூட அண்ணங்கிட்ட அவ்வளவு அக்கறையாப் பேசறதில்ல. இன்னிலிருந்து நீதான் தாய்மாமன். சீர் கொண்டுக்கிட்டுப் போயிரு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் ராமாத்தாள் இடுப்பில் கை வைத்தாள். "கூடப் பொறந்த தங்கச்சிக்குச் சீர் கொண்டு போறப்ப, வழியில பழத்தட்டுல பாதியத் தின்னுபோட்டவரு நீங்க. சீமைக்குப் போயி மானத்த வாங்கோணுமா?"

"சீமைக்கில்ல, மில்லு பங்களாவுக்குத்தான்."

"தட்டு நான் தூக்கறேன். நீங்க முன்னால நடங்க, கையக் கட்டிக்கிட்டு."

மிஷன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பங்களாவுக்கு வந்த நாளிலிருந்து ஓயாமல் அழுதது. தொரை தொட்டிலின் வேகத்தைக் குறைத்திருந்தார், ஆனால் அதன் கடகட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அம்மணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போய்விட்டார். மேஜை இழுப்பறையில் கப்பல் டிக்கெட் காத்துக்கொண்டிருந்தது. தொரை அட்டவணையைத் திருத்தித் திருத்தி எழுதினார். அட்டவணையில் அழுகைக்குக் கட்டம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீர் கிளம்பியது. ஏழு தட்டு. தேங்காய், பழம், வெல்லம், வசம்பு வளையல், வெள்ளியில் அரைஞாண்கொடி, பவானி ஜமக்காளம், கடைசித் தட்டில் ராமாத்தாளின் பழைய சேலை ஒன்று. மில் ஆட்கள் அறுபது எழுபது பேர் கூட வந்தார்கள். முன்னால் மேளம். அதற்கும் முன்னால் நான், மாப்பிள்ளையைவிட மோசமாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். மில்லில் ஸ்டிரைக் வரும் ஸ்டிரைக் வரும் என்று வெள்ளைக்காரர்கள் நடுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அன்றைக்குப் பார்த்து மானேஜர் தொரையும் அவர் சம்சாரமும் குழந்தை பார்க்க வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தோடு எழுபது பேர் கேட்டைத் தாண்டியதும், மானேஜர் சம்சாரம் டீக்கோப்பையோடு திரைக்குப் பின்னால் போய்விட்டார். கோப்பை நடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மானேஜர் நாற்காலி மேல் ஏறி நின்று இங்கிலீஷில் கத்தினார்.

"என்னங்க சொல்றாரு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கூலி ஒசத்தறதைப் பத்தி நாளைக்கிப் பேசலாமுங்கறாருங்க" என்றார் திருகாணித் தொரை.

மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். "கொழந்தை பாக்க வந்ததுக்கே இத்தனை மரியாதையா? இனி மாசாமாசம் வந்துபோடலாமாட்ட இருக்குதே!"

(மறுநாள் மில்லில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மானேஜர் நாற்காலியில் ஏறியதையும் யாரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் எங்களால் முடிந்த ஸ்டிரைக்.)

சத்தம் கேட்டு அம்மணி குழந்தையோடு வாசலுக்கு வந்தார். ஏழு தட்டையும், எழுபது பேரையும், என் தலைப்பாகையையும் பார்த்தார். தொரையிடம் ஏதோ கேட்டார். தொரை வெகுநேரம் விளக்கினார். நடுவில் என்னைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், கப்பல் மாதிரி கையை ஆட்டினார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "அம்மணி, இவரு உங்க அண்ணனுங்க. பொறந்த ஊட்டிலிருந்து வந்திருக்காருங்க."

அம்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னங்கரேலென்று, முன்பல் ஒன்று இல்லாமல், குதிரை வாசனையோடு நிற்கிற அண்ணன். எனக்கே பாவமாக இருந்தது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் முதல் சிரிப்பு. அது நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ராமாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, ஏன் இப்படிக் கத்தறே? உங்கப்பன் உன்னையப் பல்சக்கரத்துல மாட்டிப்போட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். மேஸ்திரி நாற்காலியில் ஏறி (மானேஜர் இறங்கியிருந்தார்) உத்தரத்துக் கொக்கியில் கயிறு கட்ட, ராமாத்தாளின் பழைய சேலை தூளியானது. குழந்தை உள்ளே போய்ச் சுருண்டது. இரண்டு ஆட்டு. தூங்கிவிட்டது.

அந்த அமைதியில் திரைக்குப் பின்னால் கோப்பை நடுங்குவது நன்றாகவே கேட்டது.

தொரை தூளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்சக்கரம் இல்லை, சங்கிலி இல்லை. குனிந்து பார்த்தார். "இதுல திருகாணியே இல்லீங்களே?" என்றார், நம்ப முடியாமல். பிறகு ஏணி கொண்டுவரச் சொல்லி, மேலே ஏறி, உத்தரத்துக் கொக்கியை ஸ்பேனரால் ஒரு திருகு திருகிவிட்டு நிம்மதியாக இறங்கினார்.

மறுநாளிலிருந்து ராமாத்தாள் தினமும் பங்களாவுக்குப் போனாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் என்னைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் மாசம் வந்தது. டிக்கெட் போட்ட நாளில் வண்டி ரெடி செய்துகொண்டு வாசலில் நின்றேன். பெட்டி எதுவும் வெளியே வரவில்லை. தொரை மட்டும் வந்தார். ஜட்கா சக்கரத்தின் மரையை ஒருதரம் முடுக்கினார். ஏற்கெனவே முடுக்கியதுதான்.

"டிக்கெட்டு வேண்டாங்களாமுங்க" என்றார். இன்னொரு தரம் முடுக்கினார்.

குழந்தையை என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். ஊசியைத் தொரையே மில்லில் கடைந்து கொண்டுவந்திருந்தார். குழந்தை அழவில்லை. நான்தான் அழுதேன் என்று ராமாத்தாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மீதி மூன்று வருஷ ஒப்பந்தமும் முடிந்து அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் பங்களாவுக்குப் போனேன். சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. காலியான அறையில் தொரை ஏணி மேல் நின்று, அளவு நாடாவால் உத்தரத்திலிருந்து தரைவரை அளந்துகொண்டிருந்தார். கொக்கி எத்தனை அங்குலம், கயிறு எத்தனை அடி, சேலை தரைக்கு எவ்வளவு மேலே தொங்க வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்.

"எதுக்குங்க இதெல்லாம்? நம்ம கண்ணுக்குத்தான் ஓடியாடற வயசாச்சே?" என்றேன்.

தொரை காது சிவந்து கீழே இறங்கினார். "அங்க போயி, அடுத்த கொழந்தைங்க..." என்றார். ராமாத்தாளின் சேலை மடித்து அவருடைய ஸ்பேனர் பெட்டிக்குள் இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அம்மணி ஒரே வார்த்தைதான் பேசினார். இந்தத் தடவை தமிழில். "மெதுவா, அண்ணா."

இத்தனை வருஷமாகிவிட்டது. சீமையில் வீட்டுக்கு மேலே என்ன போட்டுக் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தூளி கட்டுகிற மாதிரி உத்தரம் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டுமே என்று, மழை பெய்கிற நாளில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்வேன்.