டொக் அங்கிளின் ஒன்பது தலைகள்

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையின் மண்டையும் டொக் அங்கிளின் விரல் முட்டிக்குத் தப்பியதில்லை. இன்று டாக்டராகவும் வக்கீலாகவும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற பலர் அந்த முட்டியில் பட்டுத் தேறியவர்கள்தான். சந்தேகமிருந்தால் அவர்கள் பின்னால் போய் நின்று சுவரில் 'டொக்' என்று தட்டிப் பாருங்கள். பாவம், வரிசையில் நின்றுவிடுவார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் என்று அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. பழைய நீல வேன் ஒன்றில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது அவர் தொழில். ஏறும்போது ஒரு முறை, புறப்படுமுன் ஒரு முறை, நடுவிரல் முட்டியால் ஒவ்வொரு தலையிலும் தட்டி எண்ணுவார். டொக், ஒன்னு. டொக், ரெண்டு. வலிக்காது, சத்தம் மட்டும் வஞ்சனையில்லாமல் வரும்.

"கண்ணால எண்ணினா ஆகாதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணு ஏமாத்தும் தம்பி. கை ஏமாத்தாது லா," என்றார்.

ஒருநாள் நல்ல மழை. தலைமையாசிரியரின் கார் கிளம்பவில்லை என்று அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டார். புறப்படுமுன் வழக்கம்போல எண்ணிக்கொண்டே வந்தவர், கடைசி சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரின் தலையிலும் ஒன்று போட்டு, "பதினஞ்சு," என்றார். பள்ளிக்கூடமே நடுங்கும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் முதல் மழை பெய்தால் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

இன்னொரு விசேஷம், டொக் அங்கிளுக்குப் பிள்ளைகளின் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. இறங்கும் இடம்தான் தெரியும். "ஏய் ஸ்காட் ரோடு, கைய உள்ள எடு!" "குவார்ட்டர்ஸ், சண்ட போடாத!" என் மகன் ரவிக்கு அப்போது ஐந்து வயது. பாலர் பள்ளிக்கு அந்த வேனில்தான் போனான். எங்கள் வாசலில் முருங்கைமரம் நின்றதால் வேனில் அவன் பெயர் முருங்கைமரம். ஒரு தாய் ஆசையாக, "என் மகன் செந்தில் வேன்ல ஒழுங்கா வர்றானாண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். "யாரு செந்தில்?" என்றாராம். மூன்று வருஷமாக அவர் ஏற்றி இறக்கும் பிள்ளை! அவள் கண் கலங்கியதும், "ஓ, பிளாட் மூணாவது மாடியா? தங்கமான பையன் லா," என்று சமாளித்திருக்கிறார்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு சீனப் பெருநாள் விடுமுறை வந்தது. பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும் என்று என் மனைவி சரோஜா ஒற்றைக்காலில் நின்றாள். பங்கோர் தீவுக்குப் போவதென்று மூன்று குடும்பங்கள் சேர்ந்தோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஒன்பது. வேனுக்கு டொக் அங்கிளை விட்டால் யார்? தைப்பூசத்தில் பத்துமலைக்கு நேர்ந்துகொண்டு ஒன்பது பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டிருந்தோம். அவரும் போட்டிருந்தார். வேனுக்குள் திரும்பிப் பார்த்தால் முட்டைத் தட்டு மாதிரி இருந்தது.

முடியில்லாத தலையில் அவருடைய தட்டுக்கு இன்னும் நல்ல சத்தம் வந்தது. தஞ்சோங் மாலிமில் டீ குடிக்க நிறுத்தினோம், ஒன்பது டொக். பீடோரில் கொய்யாப்பழம் வாங்க இறங்கினோம், ஒன்பது டொக். நடுவழியில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதன் வாயைத் துடைத்துவிட்டு எல்லாரையும் மறுபடி எண்ணினார். லூமுட் வந்து சேர்வதற்குள் எனக்கே தலை வலித்தது.

வேனை லூமுட்டில் விட்டுவிட்டு ஃபெரியில் தீவுக்குப் போக வேண்டும். அங்கேதான் மனிதர் ஆடிப்போய்விட்டார். வேன் இல்லாத டொக் அங்கிளை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கடற்கரையில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிள்ளைகள் ஒன்பது திசையில் ஓடினார்கள். எங்கள் தங்குமிடத்துக்குக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் குரங்குகளையும் எண்ணினார். தூரத்திலிருந்து, கண்ணால்.

அரைநாள் தவித்தபின் ஒரு குச்சியை எடுத்து மணலில் வேன் வரைந்தார். விளையாட்டுக்கு வரைந்தது என்று நினைக்காதீர்கள். நிஜ அளவு. டிரைவர் சீட், அதற்குப் பின்னால் மூன்று மூன்றாக ஒன்பது சீட்டு, பக்கத்துக் கதவு, கண்ணாடி, எண் தகடு எல்லாம் இருந்தது. மணிக்கொரு தரம் "பீம் பீம்" என்று வாயால் ஹார்ன் அடிப்பார். பிள்ளைகள் கடலிலிருந்து ஓடி வந்து, கதவு இருக்கும் பக்கமாகவே ஏறி, அவரவர் சீட்டில் உட்கார வேண்டும். தட்டி எண்ணி முடித்ததும் மறுபடி தண்ணீருக்கு அனுப்புவார். கடல் ஏறி வந்து முன் டயரைக் கரைத்தால், "வேன் கொஸ்தான்! கொஸ்தான்!" என்று கத்துவார், ரிவர்ஸ் எடு என்று அர்த்தம். ஒன்பது பிள்ளைகளும் உட்கார்ந்தபடியே கூச்சலும் கும்மாளமுமாகப் பின்பக்கம் நகர்வார்கள். அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கை வளைப்பார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வாட்டர்ஸ்கீயை விட்டுவிட்டு இதைப் போட்டோ எடுத்தது.

இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. மூன்றாம் நாள் மதியம் புறப்பட வேண்டும். அன்று காலை பண்டமாரானிலிருந்து துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் சில ஒரு பஸ் பிடித்து லூமுட் வந்து, ஃபெரி ஏறி அதே கடற்கரைக்கு வந்து இறங்கின. அவர்களும் தைப்பூசக் கோஷ்டிதான். பதினொரு பிள்ளைகள், பதினொன்றும் மொட்டை. வெயிலுக்குத் தலையில் சந்தனம் வேறு அப்பியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கடற்கரையில் இருபது மஞ்சள் தலைகள் உருண்டுகொண்டிருந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு மேகம் கறுத்தது. டொக் அங்கிள் கடைசி ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்து மணல் வேனில் ஏறினார்கள். டொக் டொக் என்று போய், "ஒம்பது. எல்லாம் இருக்கு, கெளம்பலாம்," என்றார். கதவோரம் தூங்கி விழுந்துகொண்டிருந்த ரவியைத் துண்டில் சுற்றி நான் தோளில் போட்டுக்கொண்டேன். சரோஜாவும் மற்றப் பெரியவர்களும் பெட்டிகளோடு முதல் டாக்சிகளில் போய்விட்டார்கள். நானும் டொக் அங்கிளும் பிள்ளைகளோடு அடுத்தடுத்த டாக்சிகளில் மலையைச் சுற்றித் துறைக்கு வந்து ஃபெரியைப் பிடித்தோம்.

ஃபெரி துறையை விட்டு நகர்ந்ததும், ஈரச் சட்டையை மாற்றுவதற்காகச் சரோஜா என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கித் துண்டை விலக்கினாள்.

"இது யாருங்க?"

"என்ன யாரு? நம்ம ரவி."

"ஐயோ, இது நம்ம பிள்ள இல்லங்க!"

பார்த்தேன். அதே உயரம், அதே மொட்டை, அதே சந்தனம். முகம் மட்டும் வேறு. அந்தப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"உன் பேரு என்னப்பா?" என்றேன்.

"நான் வேன்லதான் போவேன்," என்றது.

காலையிலிருந்து மணல் வேனைப் பார்த்து ஏங்கியிருக்கிறது. கடைசி ஹார்ன் அடித்ததும், ஒரு சீட் காலியாக இருப்பதைக் கண்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. டொக் அங்கிளுக்குத் தலை கிடைத்தது, எண்ணிக்கை சரி. அப்படியானால் ரவி எங்கே? அந்தக் கேள்வி வந்ததும் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கடல்தான். கரையில் எத்தனை அலை அடித்தது, நான் எத்தனை அலையைக் கவனிக்காமல் படுத்துக் கிடந்தேன் என்று மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது. சரோஜா அழவில்லை. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டொக் அங்கிள் ஒரே பாய்ச்சலில் ஃபெரி ஓட்டுகிற மலாய்க்காரரிடம் போனார். "பாக்சிக்! கொஸ்தான்! பூடாக் திங்கல்! கொஸ்தான்!" பிள்ளையை விட்டுவிட்டோம், பின்னால் எடு என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். இரண்டு நாளாக மணலில் ஓட்டிப் பழகியவர் அல்லவா, கழுத்தைத் திருப்பிப் பின்னால் வேறு பார்த்தார். எங்கள் எட்டுப் பிள்ளைகளும் பழக்க தோஷத்தில் "கொஸ்தான்! கொஸ்தான்!" என்று சேர்ந்துகொண்டார்கள். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஓட்டுநர் சரோஜாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் ஃபெரியைப் பின்னுக்கு எடுத்துத் துறையில் அணைத்தார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகளையும் பெரியவர்களையும் துறையிலேயே விட்டுவிட்டு, நானும் சரோஜாவும் டொக் அங்கிளும் அந்தப் பிள்ளையோடு ஒரு டாக்சியில் பாய்ந்தோம். வழியெல்லாம் அது என் மடியில் உட்கார்ந்து, "இது வேன் இல்ல," என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தது. மழை பிடித்துக்கொண்டது.

கடற்கரையில் அலையின் பக்கம் ஒருவரும் இல்லை. மரங்களுக்கு அடியில் பண்டமாரான்காரர்கள் கூடாரத்துணி கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இலையில் மீஹூன் சேமியா போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இலையில் ரவி. வாயெல்லாம் எண்ணெய், மூக்கில் ஒரு மீஹூன்.

கரண்டியோடு நின்ற அம்மாள் என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு இலைவரிசையைப் பார்த்தார். கரண்டி கீழே விழுந்தது.

"அட முருகா, சுரேஷ்! நீ எங்கடா போன? அப்ப இது யாரு பிள்ள?"

"எங்க பிள்ளக்கா," என்றேன்.

"பதினோரு இல போட்டேன், பதினோரு பிள்ள உக்காந்துச்சு. சரியாத்தானே இருக்குன்னு நெனச்சேன்!" என்றார் அவர் தலையில் அடித்துக்கொண்டு.

ஒரே நிமிஷத்தில் பிள்ளைகள் கை மாறின. இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு முதுகில் ஒன்று வைத்தார்கள், பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள். ரவிக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, இந்த ஆன்ட்டி மீஹூன்ல எறா போடுறாங்க. நீ போட மாட்ட," என்று புகார் சொன்னான். சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழை முகத்தில் அடித்தது. அதைவிட நல்ல மழையில் நான் அதற்குப் பிறகு நனைந்ததில்லை.

டொக் அங்கிள் மட்டும் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில், மழை கரைத்துக்கொண்டிருந்த மணல் வேனுக்கு அருகில் முதுகைக் காட்டி நின்றார். நான் எழுந்து போனேன். உண்மையைச் சொன்னால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். கிட்டே போனதும் அவரே முந்திக்கொண்டார்.

"இருபது வருசமா எண்ணுறேன் தம்பி. ஒரு பிள்ள கொறஞ்சதில்ல."

"இன்னிக்கும் கொறயலயேண்ணே," என்றேன்.

"கொறயல. அதான் தம்பி பயமா இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கெழமைக்கு வேற வேன் பாத்துக்குங்க. உங்க பிள்ளைய ஏத்த எனக்கு மனசு வராது."

சரோஜா ரவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் கிள்ளான்காரி. கோபம் வந்தால் ஊர் தாங்காது. போச்சு, மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன்.

"ஏண்ணே, நீங்களாச்சும் தலையத்தான் தட்டினீங்க. ஊரான் வீட்டுப் பிள்ளைய அரமணி நேரம் தோள்ல போட்டுக்கிட்டு வந்தவரு இந்தா நிக்கிறாரு, பெத்த அப்பன். இவரையே நான் வீட்ல வெச்சிருக்கேன். உங்கள விட்டுருவேனா? திங்கக்கெழமை ஆறரைக்கு வந்துருங்க."

டொக் அங்கிள் நனைந்த மொட்டைத் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு கையை நீட்டி ரவியின் முகவாயை நிமிர்த்தி, அவன் முகத்தை நெற்றியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தார். கடைசி ஃபெரிக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்த எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு வேன் வந்தது. ரவி ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை அதில்தான் போய் வந்தான். அத்தனை வருடமும் நான் ஆபீசில் தலை நிமிராமல் வேலை பார்த்தேன். என் பிள்ளை இந்நேரம் எங்கே இருப்பான் என்று ஒரு நாளும் எனக்குக் கவலை வந்ததில்லை.