நாலாவது டேபிள்

ரங்கராஜனின் பதவி போய்விட்டது.

யாரும் பறிக்கவில்லை. அவரே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு வைக்காததுதான் குறை.

பதவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வங்காளிகளின் ஊரான பெஹாலாவில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம். அதன் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் செக்ரெட்டரி. சம்பளம் கிடையாது. மரியாதையும் சுமார்தான். ஆனால் கேட் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. அதில் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் அவர் பெயர் இருக்கும். துறைமுகக் கணக்குப் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டியும் ஒரு கதவில்கூடப் பெயர் ஏறாத மனிதர். அவருக்கு அந்தப் போர்டு போதும். பால் வாங்கப் போகும்போது ஒரு தடவை படிப்பார். திரும்பி வரும்போது இன்னொரு தடவை. நடுவில் யாராவது மாற்றிவிட்டால்?

வினை லிஃப்டில் ஆரம்பித்தது. துர்கா பூஜைக்கு முன்னால் நின்றது. பூஜை போயிற்று. காளி பூஜை போயிற்று. கிறிஸ்துமஸ் கேக்கும் போயிற்று. லிஃப்ட் மட்டும் எங்கும் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ரங்கராஜன் ஒரே பதில் வைத்திருந்தார்.

"கொட்டேஷன் வரணும்."

அவர் வீடு இரண்டாவது மாடி. மேல் மாடிக்காரர்களுக்கு மூச்சு வாங்குகிற இடம் சரியாக அவர் வாசல். மனைவி நாகலட்சுமி அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டாள். ஐப்பசியில் மோர் கொடுத்தாள். மார்கழியில் காப்பி கொடுத்தாள். லேக் மார்க்கெட் காப்பிப் பொடியின் வாசனைக்கு வங்காளிப் பெண்மணிகள் மயங்கினார்கள். ஒரு ஸ்டூல் நாலாயிற்று. மத்தியானம் சாப்பாடு ஆனதும் கட்டடத்து ஆண்கள் எல்லோரும் கவிழ்ந்து படுத்துத் தூங்குவார்கள். அந்த நேரத்தில் மாடிப்படியில் சட்டசபை கூடும்.

ஒரு நாள் ரங்கராஜன் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டார். ஐந்தாவது மாடி பூரபி பௌதி, அதாவது பூரபி மன்னி, நாகலட்சுமியை அக்கா முறை வைத்து வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தீதி, இந்த எலெக்‌ஷனில் நீங்களே நில்லுங்களேன். எங்கள் முழங்கால் வலி உங்களுக்குத்தான் தெரியும்."

நாகலட்சுமி சிரித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் ரங்கராஜனுக்கு வியர்த்தது.

அன்றே சபதம் எடுத்தார். இவளை வாசலிலிருந்து வீட்டுக்குள் இழுக்க வேண்டும். அதட்டினால்? அதட்டியெல்லாம் பார்த்தாயிற்று, கல்யாணமான புதிதில். புடவை? செலவு. பூரபி பௌதியின் புருஷன் பிமல் பாபுவுக்கு இவர் ராஜன்தா, அதாவது ராஜன் அண்ணா. அவரிடம் ஜாடையாகக் கேட்டார், மத்தியானப் பொழுதை எப்படிப் போக்குவது என்று.

"கம்ப்யூட்டர் கேம், ராஜன்தா! விதவிதமாக இருக்கிறது. எல்லாம் இலவசம். இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. நான் பூரபியின் குரலைக் கேட்டே ரொம்ப நாளாயிற்று."

இலவசம் என்ற சொல் ரங்கராஜனின் காதில் தேனாகப் பாய்ந்தது. மகன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டினார். இறக்கினார், இறக்கினார், அப்படி இறக்கினார்.

முதலில் நகை விளையாட்டு. திரை நிறைய கல் கல்லாக மின்னியது.

"நாகு, இங்க வாயேன். பச்சைக் கல் மூணு சேர்த்தா டபால்னு மறைஞ்சுடும் பாரு."

நாகலட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மறைஞ்சு?"

"மறைஞ்சு என்ன? அவ்வளவுதான்."

"எங்கிட்ட வராதா?"

"எப்படிடி வரும்?"

"நீங்க வாங்கித் தர நகை இப்படித்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பண்ணை விளையாட்டு. கோழி வளர்க்க வேண்டும். முட்டை பொறுக்க வேண்டும்.

"ஏன்னா, இன்னிக்கு என்ன திதி தெரியுமா?"

"என்ன?"

"ஏகாதசி. ஏகாதசியும் அதுவுமா என்னை முட்டை பொறுக்கச் சொல்றேளே, நன்னா இருக்கா?"

ரங்கராஜன் அவசரமாகக் கோழிகளை அழித்தார்.

அடுத்தது, தொலைந்த பொருளைத் தேடுகிற விளையாட்டு. ஒரு பாழடைந்த பங்களா. பேய் இருக்கிறதாம். அறை நிறையச் சாமான். கத்தரிக்கோலைக் கண்டுபிடி, சாவியைக் கண்டுபிடி என்று கீழே ஓர் அட்டவணை. ரங்கராஜனே காலையிலிருந்து கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். நாகலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"கத்தரிக்கோல் பூந்தொட்டிக்குப் பின்னால. சாவி திரைச்சீலை மடிப்புல. கையுறை நாற்காலிக்கு அடியில. போறுமா? உங்க மூக்குக் கண்ணாடியை இத்தனை வருஷமா தேடினவளுக்கு இது ஒரு வேலையா? முதல்ல அந்த வீட்டைப் பெருக்கச் சொல்லுங்கோ. அப்பறம் பேய் தானாப் போயிடும்."

ஸ்டூல்.

சீனாக்காரர்களின் கட்டை அடுக்கும் விளையாட்டு வந்தது. கட்டையெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றாள். வண்ணப் பந்து சுடுகிற விளையாட்டு வந்தது. சத்தத்தில் தலை வலிக்கிறது என்றாள். ரங்கராஜன் சளைக்கவில்லை. ஒவ்வொன்றையும் முதலில் தாமே ஆடிப் பார்த்தார். பெண்டாட்டிக்கு எது பிடிக்கும் என்று பரிசோதிக்க வேண்டாமா? பரிசோதனை காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை நடந்தது.

கடைசியில் வந்தது ஹோட்டல் விளையாட்டு. அதுதான் எமன்.

வாடிக்கையாளர் வருவார்கள். உட்கார்த்த வேண்டும். கேட்டதைக் கொண்டுவர வேண்டும். தட்டு எடுக்க வேண்டும், மேஜை துடைக்க வேண்டும். தாமதமானால் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற சிவப்பு இதயம் ஒவ்வொன்றாகக் குறையும். எல்லாம் தீர்ந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

"இது உனக்குன்னே பண்ணினது, நாகு. பாரு, பாரு. சமையல்தான்!"

நாகலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விடிஞ்சதுலேர்ந்து நான் இதைத்தானே ஆடிண்டிருக்கேன்? எனக்கு ஒரு லெவலும் ஏறலியே!"

"வேடிக்கை பேசாதே. உக்காரு."

"நான் உக்காந்தா உங்களுக்கு யார் சமைப்பா? நீங்களே ஆடுங்கோ. உங்களுக்குக் கை நன்னா வரது."

கை நன்றாகத்தான் வந்தது. குடித்த டம்ளரைக் கழுவுமிடம் வரைக்கும் கொண்டுபோய் வைத்தறியாத ரங்கராஜன், மேஜை துடைத்தார். தட்டு கழுவினார். கைக்குழந்தையோடு வந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார். "இதோ வந்துட்டேன், கோச்சுக்காதீங்கோ" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார்.

"ஏன்னா, காப்பி ஆறிப் போறது."

"இரு. நாலாவது டேபிள் காத்திண்டிருக்கா."

இப்படி ஒரு மணி நேரம் போனதும் ஹோட்டலின் ஷட்டர் தானாக இறங்கியது. இலவச நேரம் முடிந்தது, மேலே ஆடப் பணம் கட்டு என்றது கம்ப்யூட்டர். ரங்கராஜனுக்கு ரத்தம் கொதித்தது. பணமா! அவரா! ஆனால் உள்ளே நாலாவது டேபிள் இன்னும் சாப்பிடவில்லையே.

அன்று அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நாகலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆயிடுத்துன்னு அதுக்கு எப்படித் தெரியறது?"

"கம்ப்யூட்டர்ல மூலையில கடிகாரம் ஓடறதே, அதைப் பார்த்துத்தான்."

"அப்ப அந்தக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டா?"

ரங்கராஜன் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார். ஷட்டர் திறந்தது. நாலாவது டேபிள் சாப்பிட்டது.

பிறகு பிமல் பாபுவிடம், "எல்லாம் என் யோசனை. மூளை வேணும், பிமல் பாபு" என்றார்.

ஒரே தொல்லை, போன். மணிக்கொரு தரம் யாராவது லிஃப்ட், லிஃப்ட் என்று கூப்பிட்டார்கள். அதற்குள் இரண்டு இதயம் குறைந்துவிடும். ஒரு நாள் போனைத் தூக்கி நாகலட்சுமியிடம் கொடுத்துவிட்டார்.

"யார் கூப்பிட்டாலும் செக்ரெட்டரி மீட்டிங்ல இருக்கார்னு சொல்லு."

"யாரோட மீட்டிங்?"

"யாரோடயோ! என்னைத் தொந்தரவு பண்ணாதே."

வாசல் சட்டசபை அன்றோடு கலைந்தது. நாகலட்சுமி வீட்டுக்குள்ளேயே இருந்தாள், கையில் போனோடு. ரங்கராஜனுக்குப் பரம திருப்தி. போட்ட திட்டம் பலித்துவிட்டதல்லவா? பெண்டாட்டி உள்ளே. பதவி பத்திரம். அவள் போனில் வங்காளத்தில் ஓயாமல் பேசுவது காதில் விழும். பேசட்டும். கைக்கடிகாரத்தின் வார் அறுந்துபோய் லேக் மார்க்கெட் கடையில் கொடுத்ததைக்கூட அவர் போய் வாங்கவில்லை. எலெக்‌ஷனுக்கு முந்தின நாள் அவள் நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள்.

"எதுக்குடி?"

"டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு. இதுலேர்ந்து எடுத்துக்கறேன். உங்களுக்கு மணி பார்க்கணுமே?"

"கம்ப்யூட்டர்ல இருக்கே மணி. எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

இதைச் சொன்னது அவர் வாய்தான். சாட்சி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்குக் கீழே கராஜில் கூட்டம். நாகலட்சுமி பட்டுப்புடவையில் இருந்தாள்.

"அஞ்சு மணிக்குக் கூட்டம், ஞாபகம் இருக்கா?"

"எனக்கேவா சொல்றே?"

அவள் போய்விட்டாள். இவர் திரைச்சீலையை இழுத்து மூடினார், திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஆரம்பித்தார். மூன்றுக்கு ஷட்டர் இறங்கியது. கடிகாரத்தை இரண்டுக்குத் தள்ளினார். மனசில் ஒன்று கூட்டிக்கொண்டார். கணக்குப் பிரிவு ஆசாமி, கூட்டத் தெரியாதா? மறுபடி மூன்று, மறுபடி ஷட்டர். இந்தத் தடவை ஒரு கல்யாண கோஷ்டி வேறு சாப்பிட உட்கார்ந்திருந்தது. தள்ளினார். கூட்டினாரா? அதைத்தான் கேட்காதீர்கள். பழைய ஒன்றும் அந்த அவசரத்தில் நழுவிப் போயிற்று.

நடுவில் எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம். மேலே போயிற்று, கீழே வந்தது. ஹோட்டல் மிக்ஸியாக்கும் என்று நினைத்தார்.

மூலையில் இரண்டே முக்கால் ஆனபோது கல்யாண கோஷ்டி வாழ்த்திவிட்டுப் போயிற்று. தங்கக் கோப்பை கிடைத்தது, கூடவே இரண்டு மணி நேரம் இலவச ஆட்டமும். அதைப் பார்த்து மனசு நிறைந்து, லெவல் மேல் லெவலாக ஏறினார். பரிசு நேரம், ஷட்டர் இறங்கவே இல்லை. கடைசியில் மூலையைப் பார்த்தார். நாலே முக்கால்.

ரங்கராஜன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டே படியிறங்கினார். "சகோதர சகோதரிகளே, கொட்டேஷன் வந்துகொண்டிருக்கிறது..." வெளியே கும்மிருட்டு. நாலே முக்காலுக்கா? குளிர்காலத்தில் பெஹாலாவில் சீக்கிரம் இருட்டும் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கராஜில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் காலி அட்டைப் பெட்டிகள். புது வெல்லம் போட்ட சந்தேஷ் மிட்டாயின் வாசனை மட்டும் பாக்கி இருந்தது.

"கொத்தாய் சிலேன், ராஜன்தா?" என்றார் பிமல் பாபு. எங்கே போனீர்கள் என்று. வாயில் கடைசி சந்தேஷ்.

"எங்கே போனேன்? கூட்டத்துக்கு வந்திருக்கேன். இன்னும் கால் மணி இருக்கே."

"கூட்டம் முடிந்து ஊரே டீ குடித்தாயிற்று, ராஜன்தா. உங்களைக் கூப்பிட வேண்டாமா என்று கேட்டோம். தீதிதான் சொன்னார், அவருக்கு இன்னும் ஐந்து மணி ஆகவில்லை என்று."

"யார்... யார் ஜெயிச்சது?"

"போட்டியே இல்லையே. லிஃப்டை ஓட வைத்தவருக்கு எதிராக யார் நிற்பது?"

ரங்கராஜன் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. ஐந்தாவது மாடிக் கிழவர் ஒருவர் அதில் சும்மா மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஹவுராவிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஒரு மாதமாக ரங்கராஜனின் போனுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், கொட்டேஷன் சொல்வதற்கு. இவர்தான் புகார் என்று நினைத்து வெட்டி வெட்டி விட்டார். நாகலட்சுமி எடுத்தாள். பேசினாள். பொருளாளரைக் கையெழுத்துப் போட வைத்தாள். முடிந்தது.

ரங்கராஜன் லிஃப்டில் ஏறவில்லை. ரோஷம். படியில் ஏறினார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஸ்டூலைத் தேடினார். எடுத்துவிட்டார்கள்.

உள்ளே சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் புது பேட்டரி. நாகலட்சுமி பட்டுப்புடவை கலையாமல் போனில் பேசி முடித்தாள்.

"சதிகாரி! எனக்கு நேரத்தைச் சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னேனே. அஞ்சு மணின்னு சொன்னேனா இல்லையா?"

"கடிகாரத்தைப் பின்னால தள்ளச் சொன்னது யாரு? நீதானே?"

"அது உங்க மூளைன்னு பிமல் பாபுகிட்ட நீங்க சொன்னதாக் கேள்விப்பட்டேனே?"

ரங்கராஜன் பேச்சை மாற்றினார்.

"காப்பியாவது குடு."

போன் மணி அடித்தது. அவள் எடுத்தாள். "செக்ரெட்டரி பேசறேன், சொல்லுங்கோ" என்று அடுக்களைக்குள் போனாள். போகிறபோக்கில் திரும்பி, "நாலாவது டேபிள் கொஞ்சம் காத்திண்டிருக்கட்டும்" என்றாள்.

ரங்கராஜன் கம்ப்யூட்டர் முன்னால் போய் விழுந்தார். உலகத்தில் அவரை மதிக்கிற இடம் அது ஒன்றுதான். ஷட்டர் இறங்கியிருந்தது. மூலையைப் பார்த்தார். ஏழு மணி. சுத்தமான, நிஜமான ஏழு மணி. பழக்கமாகப் பின்னால் தள்ளப் போனார். பாஸ்வேர்டு கேட்டது. தமக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயரையும் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை.

"ஏன்டி! இந்தக் கடிகாரத்தைச் சரியா வெச்சுப் பூட்டுப் போட்டது யாரு?"

அடுக்களையிலிருந்து பதில் வர நேரம் பிடித்தது. முக்கியமான போன் போலிருக்கிறது.

"செக்ரெட்டரி நாகலட்சுமி."