அடுப்பு எரியாத சனிக்கிழமை

“பெரியப்பா, சனிக்கிழமை அடுப்பு பத்தவெச்சா சாமி ரொம்பக் கோவிச்சுக்குவாரா?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிறுமி நெகேசா இப்படிக் கேட்டதும் எனோசிப் பெரியவருக்குச் சுருக்கென்றது. எம்பாலே மலைச்சரிவில் காப்பி பயிரிடும் யூதர் அவர். யூதர்கள் சனிக்கிழமை தோறும் தண்டனைபோல இருட்டில் பட்டினி கிடப்பார்கள் என்று சந்தையில் பேசுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே தலை நரைத்தவர்.

“நாங்க பயந்து நடுங்குற ஆளுங்க இல்ல கண்ணு. ஓய்வுநாள் எங்களுக்குக் கல்யாண நாள் மாதிரி.”

சிறுமிக்குப் பின்னால் அவள் அம்மா காயின்சா, ஆவி பறக்கும் கேழ்வரகுக் கஞ்சியோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். விடிந்தும் விடியாத அந்த நேரத்திலேயே விசேஷத்துக்குப் போகிறவள்போல உடுத்தியிருந்தாள்.

“உங்க வீட்ல புகையே காணோம், பெரியவரே. தனியா இருக்கீங்க. குடிங்க.”

உள்ளே ஃபிளாஸ்கில், முந்தின நாளே ஊற்றிவைத்த கஞ்சி சுடச்சுட இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும். பெரியவர் விளக்கத் தொடங்கினார்.

“இன்னிக்கு நாங்க அடுப்பு பத்தவைக்கக் கூடாதும்மா.”

“அதனாலதான் நான் பத்தவெச்சேன். எங்க வீட்லயும்...”

“உங்க வீட்ல ஞாயித்துக்கிழமை. தெரியும், தெரியும். எனக்காகன்னு இன்னிக்குக் காய்ச்சினதையும் நான் குடிக்கக் கூடாது. அதோட பாத்திரம்னு ஒரு விஷயம் வேற இருக்கு.”

“என் பாத்திரத்துக்கு என்ன? அழுக்கா?”

“சேச்சே! சுத்தம் வேற, எங்க முறை வேற. எங்க குரு, ரப்பி, அவரைக் கேட்டாத்தான் உனக்குப் புரியும்.”

கேட்டுவிட்டாள். புதன்கிழமை, காப்பி எடைபோடும் இடத்தில், அத்தனை பேர் முன்னிலையிலும் ஒரு புதுப் பாத்திரத்தை ரப்பியிடம் நீட்டினாள்.

“மந்திரிச்சுக் குடுங்க ஐயா. பெரியவர் கஞ்சி குடிக்கணும்.”

“நாங்க எதையும் மந்திரிக்கிறதில்லம்மா” என்றார் ரப்பி, மென்மையாக.

ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். “அப்படியே இதையும் மந்திரிங்க. செயின் கழண்டுக்கிட்டே இருக்கு.”

கூட்டம் சிரித்தது. காயின்சா விறுவிறுவென்று நடந்தாள். எனோசி பின்னாலேயே ஓடினார்.

“உன்னைப் பார்த்துச் சிரிக்கலம்மா. நீ சொன்னதைக் கேட்டுத்தான் சிரிச்சாங்க.”

அதோடு பேச்சு நின்றது.

மனைவி இறந்தபிறகு, தன் வீட்டில் புகை வருகிறதா என்று பார்த்த ஒரே ஆளையும் விளக்கியே விரட்டிவிட்டோம் என்று அவருக்கு இரண்டு நாளும் மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேலியோரம் நெகேசாவைப் பிடித்தார்.

“அம்மாவுக்குக் கோவமா?”

“அம்மாவுக்கு வெக்கம். எனக்குத்தான் கோவம். நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல.”

“சொன்னேனே, நாங்க பயந்து நடுங்குற...”

“உங்களைப் பத்தி யார் கேட்டா? எங்க சபைக்கும் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், பெரியப்பா. நாங்களும் அடுப்பு பத்தவைக்க மாட்டோம். அன்னிக்கு உங்களுக்காகத்தான் அம்மா பத்தவெச்சாங்க. சாமி அம்மாவைக் கோவிச்சுக்குவாரா?”

பெரியவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

“மாட்டார் கண்ணு.”

அன்று சூரியன் இறங்குமுன், தாயும் மகளும் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவர்கள் வாசற்படியில் கஞ்சி நிரம்பிய ஃபிளாஸ்க் ஒன்று வந்து உட்கார்ந்தது.

மறுநாள் விடியலில் எனோசி ஆறிப்போன கஞ்சியை எடுத்துவைத்து, இறைவனுக்கு நன்றி சொல்லிக் குடித்தார். அவரிடம் இருந்தது ஒரே ஃபிளாஸ்க்.