கூரைக்கடியில் கிடந்த வண்டியும் அடைக்கோழியும்

புடாதிரி,
வெள்ளிக்கிழமை மதியம்

மதிப்பிற்குரிய மாமா வோபாத்தா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மகள் நாண்டுடுவைக் கட்டிய முடோமா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாண்டுடு நலம், மாடு நலம், காப்பிக்கொட்டை பாதி நலம். மீதிப் பாதியைப் பற்றிக் கீழே வரும். ஜின்ஜாவில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சர்க்கரை ஆலை இரைச்சலில் உங்கள் காது போனதிலிருந்து, நான் என்ன சொன்னாலும் "யாரு? யாரு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பெண் கேட்டு வந்த அன்றே அதை எல்லோர் முன்னாலும் சொன்னவர் நீங்கள்.

முதலில் நன்றி. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, ஆகவே நேராக எழுதுகிறேன்: நன்றி. ஈஸ்டருக்கு வந்தபோது, "என் வண்டி ஆறு வருஷமா கூரைக்கடியில கெடக்கு, ஓட வச்சா உனக்கு" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தையில்தான் என் பிழைப்பு தொங்குகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மலை மேலே இருக்கிற மருந்தகங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. திங்கட்கிழமை காலை ஒரு மோட்டார் சைக்கிளோடும், அதன் பதிவுப் புத்தகத்தோடும், புத்தகம் வேறு பெயரில் இருந்தால் அவர் சம்மதக் கையெழுத்தோடும் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். அடுத்த பெயர் யாருடையது என்று விசாரித்தேன். கல்லூரியில் என்னைப் பார்த்து எழுதித் தேறியவன்.

போன சனிக்கிழமை கருவிப்பெட்டியோடு உங்கள் வீட்டு வேலிக்கு வெளியே நின்று முறைப்படி இருமினேன். அத்தை சமையல் குடிசைக்குப் பின்னால் போய்விட்டார்கள். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த முறையை வகுத்தவர்கள் யாரும் அத்தை வீட்டில் வண்டி பழுது பார்த்ததில்லை என்று மட்டும் சொல்வேன். கூரைக்கடியில் வண்டியின் இருக்கை மேல் ஒரு செவலைக் கோழி பதினோரு முட்டையோடு அடைகாத்துக்கொண்டிருந்தது. தூக்கிக் கூடையில் வைத்தேன். கையில் நாலு கொத்து. உடனே குடிசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, எனக்கு அல்ல, கோழிக்கு: "ஏ செவலை, உன்னை எடுத்த கைக்கு முட்டையோட அருமை தெரியுமான்னு கேளு." நாண்டுடு பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள், நடுவில் நின்று பேச வேறு ஆளில்லை. நானும் கோழியைப் பார்த்தே பேச வேண்டியதாயிற்று. "செவலை, அத்தைகிட்டச் சொல்லு, முட்டைக்கு ஒண்ணும் ஆகலை. வண்டிக்குத்தான் எல்லாம் ஆகியிருக்கு."

ஆகியிருந்தது. டாங்கில் பெட்ரோல் என்று ஒன்று இருந்தது, பார்வைக்கு வெல்லப்பாகு, நாற்றத்துக்கு வார்னிஷ். சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, உளியால் உடைத்தேன். ஒயரை எலி தின்றிருந்தது. டாங்குக்குள் ஒரு பிடி கூழாங்கல்லைப் போட்டு அரை நாள் குலுக்கித் துருவை எடுத்தேன், அந்த நேரம் முழுவதும் பக்கத்து வீட்டு குடோசி, வண்டியில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன், வேலியில் சாய்ந்து கரும்பு தின்றுகொண்டே, "என்ன டிப்ளமா, ஆட்டம் பழகுறீங்களா? ஓடலேன்னா சொல்லுங்க, சீட்டை மட்டும் நான் எடுத்துக்கிறேன், கோழிக்குப் பழக்கமான சீட்டு" என்றான். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பாடப் புத்தகத்தில் இருக்கிறபடியே பூட்டினேன். புது பிளக் போட்டேன், பொறி வந்தது. பெட்ரோல் இருக்கிறது, காற்று இருக்கிறது, பொறி இருக்கிறது. படித்தவன் எவனாக இருந்தாலும் வண்டி ஓடும் என்றுதான் சொல்வான். நேற்று வியாழக்கிழமை காலை அறுபத்திரண்டு தடவை உதைத்தேன். அறுபத்து மூன்றாவதில் உதைகட்டை திருப்பி என்னை உதைத்தது.

நொண்டிக்கொண்டு போய் வேலிக் கல்மேல் உட்கார்ந்தால், அங்கே மூடி வைத்த தட்டு: மசித்த வாழைக்காய் மத்தோக்கே, வேர்க்கடலைக் குழம்பில் மூங்கில் குருத்து. ஐந்து நாளாகத் தினமும் அப்படி ஒரு தட்டு, யார் வைத்தது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. (தெரியும். எழுதக் கூடாது.) சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குரல் வந்தது. "செவலை, இந்தக் குளிர்ல அது எப்பவும் இப்படித்தான். இடது பக்கமா நல்லாச் சாய்ச்சு, கீழே ரெண்டு சொட்டு ஒழுகுற வரைக்கும் வச்சு, நிமிர்த்தி உதைக்கணும்." நான் கோழியிடம் கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன்: "செவலை, அப்படி எந்தப் புத்தகத்துலயும் இல்லைன்னு சொல்லு." பதில் வந்தது: "புத்தகம் ஸ்டார்ட் ஆயிடுச்சான்னு கேளு."

குடோசி கரும்புச் சக்கை புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அவன் வாயை அடைக்கத்தான் சாய்த்தேன். ரெண்டு சொட்டு ஒழுகியது. நிமிர்த்தி ஒரு உதை.

மாமா, ஆறு வருஷத்துப் புகை அது. குடோசியைக் காணவில்லை, வாழைத்தோட்டத்தைக் காணவில்லை, கோழி கூடையோடு உருண்டது. காரணம் பிறகுதான் புரிந்தது: குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக் தகடு எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது, அதன் வேலையைத்தான் அந்தச் சாய்ப்பு செய்கிறது. அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டுவிட்டேன். ஆக்சிலேட்டர் கம்பி துருப்பிடித்து, முறுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்தேன், கம்பி அறுந்து கையோடு வந்தது. பின் பிரேக்கை வெள்ளிக்கிழமை பார்ப்பதாகத் திட்டம். வண்டி என்னை ஏற்றிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, சமையல் குடிசையைச் சுற்றி, உலகத்திலேயே நான் போகக் கூடாத அந்த ஒரே இடத்துக்கு நேராகப் போனது. அங்கே அத்தை காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டென்று முறத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, முறத்துக்குப் பின்னாலிருந்து ஒரே கத்தல்:

"கிளட்சைப் பிடிடா மடையா!"

பிடித்தேன்.

"சாவியைத் திருப்பு!"

திருப்பினேன். முன்சக்கரம் அத்தையின் காலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் காப்பிக்கொட்டைக் குவியலில் நின்றது. மீதிப் பாதிக் காப்பி என்று மேலே எழுதியது இதைத்தான்.

அந்த முழத்துக்காகவும் நன்றி. அதை உங்களுக்குச் சொல்வதா, கடவுளுக்குச் சொல்வதா என்று தெரியாததால் இருவருக்கும் பொதுவாக எழுதி வைக்கிறேன்.

ஆனால் குடோசி அரை மணி நேரத்தில் மலை முழுக்கச் சொல்லிவிட்டான். சாயங்காலமே மூன்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முகம் பார்த்தானா? இல்லை, முறம் இருந்தது. சரி, மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசினாரா? அத்தை குடிசைக்குள்ளிருந்து, "நான் எங்க அவர்கிட்டப் பேசினேன்? வண்டிகிட்டப் பேசினேன்" என்றார்கள். "மடையான்னது?" "வண்டியைத்தான்." மூத்தவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஏம்மா, வண்டி எப்படிம்மா தன் கிளட்சைத் தானே பிடிக்கும்?" என்று கேட்டார். அதற்கு உங்கள் மனைவி சொன்ன பதில்: "அதைப் படிச்சவர்கிட்டக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா, நான் முதல் வகுப்பில் தேறியவன். யார் மனம் நோகும் என்று பார்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் எழுந்து நின்று, ஆறு வருஷம் சும்மா கிடந்த வண்டியில் கிளட்ச் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், அதிலும் சத்தமாகச் சொன்னால் சீக்கிரம் பிடிக்கும் என்று சாட்சி சொன்னேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். குடோசி மட்டும், "என் வண்டிகிட்ட ரெண்டு வருஷமா நானும் கத்துறேன், அது கேட்கலையே" என்றான். உட்காரச் சொல்லிவிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தைக்கு நான் ஒரு புடவைத் துணி வைக்க வேண்டும் என்று தீர்ப்பு. வைத்துவிட்டேன், வேலிக் கல்மேல். இன்று காலை அதே கல்லில் தட்டில் இரண்டு மூங்கில் குருத்து அதிகமாக இருந்தது.

இன்று காலையிலேயே ஆக்சிலேட்டர் கம்பி, இரண்டு பிரேக்கு எல்லாம் மாற்றிவிட்டேன். வண்டி ஓடுகிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "இந்த வண்டி என்னுடையது, என் மருமகன் ஓட்டச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதம் கொண்டுவரும் வேன் டிரைவரிடமே கொடுத்தனுப்பவும். பதிவுப் புத்தகத்தை எடுத்துவர நாண்டுடு இப்போது அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்படி ஒரு வண்டியை வாங்கியதற்கும், விற்காமல் வைத்திருந்ததற்கும், நான் பொறுமையில்லாதவன் என்று தெரிந்தே கொடுத்ததற்கும் நான் உயிரோடு இருக்கும் வரை கடமைப்பட்டவன். உங்கள் முழங்கால் மடங்கட்டும், காது திறக்கட்டும், ஆலைக்காரர்கள் உங்களைக் கிறிஸ்துமஸுக்காவது வீட்டுக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மருமகன்
முடோமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நாண்டுடு புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டாள். உரிமையாளர் பெயர் வோபாத்தா அல்ல; யுனியா நபீஃபோ, உங்கள் மனைவி. அத்தையை விசாரித்தாளாம். "எங்கம்மா கொடுத்த காப்பித் தோட்டத்து விளைச்சல்ல நான் வாங்கின வண்டிடி அது. உங்கப்பாவுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்ததே நான்தான். அவரும் கிளட்சைத்தான் மறப்பார்" என்றார்களாம். திங்கள் முதல் வெள்ளி வரை நான் எடுத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை சந்தைக்கு வண்டி அவர்களுக்கு வேண்டும். சம்மதத்தைப் புத்தகத்தின் முன் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஆகவே நீங்கள் ஒரு வரியும் எழுத வேண்டாம். மேலே எழுதிய நன்றிகளை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழங்காலுக்கான வாழ்த்தை மட்டும் வைத்துக்கொள்ளவும். உரியவரிடம் நான் நேரில் சொல்லக் கூடாது. கோழியிடம்தான் சொல்ல வேண்டும். முட்டையை எடுத்த நாளிலிருந்து அது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பிடி சோளத்தோடு இப்போது அங்கேதான் புறப்படுகிறேன்.