பெற்றோர் சம்மதம் இல்லாத சீப்பு ஜெல்லி

கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி மனித குலம் மேலும் அறிய வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன் பினாங்குத் தீவின் வடகரையில் ஓர் ஆய்வு நடுவம் இயங்கி வந்தது. அங்கே ஆய்வு செய்பவர் ஒருவர். அவரை மேற்பார்வையிடுபவர்கள் இருபதுக்கும் மேல்.

அந்த ஒருவர் ஜெகதீஸ்வரி. தினமும் அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தானே காடி ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து வருவாள். ஒப்பந்த வேலை, ஆண்டுக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஏதாவது கண்டுபிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் அம்மா பேசி வைத்திருக்கும் டியூஷன் சென்டர்.

அவள் ஆராய்ந்தது சீப்பு ஜெல்லியை. ஜெல்லிமீன் வேறு, இது வேறு. கண்ணாடிக் கிண்ணம் போன்ற உடம்பில் சீப்புப் பல்லாக எட்டு வரிசை. அவை அசைந்தால் வானவில் ஓடும். ஒரே உடம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மூளை மட்டும் கிடையாது. அது இல்லாமலே பல கோடி ஆண்டுகளாகத் தடங்கலின்றிக் காலம் தள்ளி வருவதால், நடுவத்தின் அதிகாரிகளுக்கு அதன்மேல் ஒரு பாசம் இருந்தது.

ஒருமுறை ஜெகதீஸ்வரி ஒரு ஜெல்லிக்குத் தீனியை நிறுத்திப் பார்த்தாள். அது சுருங்கியது. பிறகு, குட்டிப் பருவத்தோடு போய்விட்ட நீளமான கொடிக்கைகள் மறுபடியும் முளைத்தன. வளர்ந்த ஜெல்லி குட்டியாகிவிட்டது! கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

மறுநாள் காலையிலேயே நெறிமுறைப் பிரிவு அதிகாரி குணாளன் வந்து நின்றார்.

"டாக்டர், அனுமதி குடுத்தது வளர்ந்த ஜெல்லிக்கு. இப்ப தொட்டியில என்ன இருக்கு?"

"குட்டிண்ணே."

"வளர்ந்தது எங்க?"

"அதுதான் இது."

குணாளன் குனிந்து பார்த்தார். "அப்ப இது சிறார். சிறாரை வெச்சு ஆய்வு செய்யணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும் லா."

"அண்ணே, அது மனுசப் பிள்ளைங்களுக்கான விதி."

"விதியில சிறார்னு மட்டும்தான் இருக்கு. மனுசன்னு போடல. அப்பா, அம்மா யாரு?"

உண்மையைச் சொல்லும் பழக்கம் ஜெகதீஸ்வரிக்கு அப்போது இருந்தது. "ரெண்டும் ஒரே ஜெல்லிதான். தனக்குத் தானே கருத்தரிச்சுக்கும். போன மாசம் செத்துப்போச்சு."

"ரெண்டு பேருமா?"

"ஒன்னுதாண்ணே செத்தது."

"ஒரு சாவு, ரெண்டு இறப்புச் சான்றிதழ்." குணாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். "முழு அனாதை. பாவம்."

அனாதைக்குப் பாதுகாவலர் வேண்டும் என்று அன்று மதியமே கூடிய அவசரக் குழு தீர்மானித்தது. வேறு யாரும் முன்வராததால் ஜெகதீஸ்வரி சீப்பு ஜெல்லியின் சட்டபூர்வப் பாதுகாவலர் ஆனாள்.

ஜெல்லி குட்டியான செய்தி நடுவத்தின் இயக்குநர் நாச்சியப்பன் காதுக்குப் போயிற்று. அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பட்டினி கிடந்தா வயசு குறையுதாமே?"

"ஜெல்லிக்கு, சார்."

"நமக்கும் ஜெல்லிக்கும் அப்படியென்ன பெரிய வித்தியாசம்?"

ஜெகதீஸ்வரி கண்ணாடிச் சுவர் வழியே அலுவலகத்தை ஒருமுறை பார்த்தாள். வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை.

'இளமை மீட்புத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. நடுவத்தில் மதிய உணவுக்குத் தடை. நாளிதழில் படம் வந்தது. நகரமே 'ஜெல்லி விரதம்' பிடிக்கத் தொடங்கியது. லிட்டில் இந்தியாவில் ஜெல்லிப் புடவை என்று ஒன்றைத் தொங்கவிட்டார்கள். உள்ளே இருப்பவர் அப்படியே தெரிந்தார். கண்டீன் நடத்தும் சலேஹா அக்கா மட்டும் அசரவில்லை. நாசி லெமாக் சோற்றைப் பழுப்பு உறையில் போட்டு, மேலே 'அவசரம்' என்று எழுதி மேசை மேசையாக அனுப்பினார். அந்த மாதம்போல் நடுவத்தில் கோப்புகள் என்றைக்குமே அவ்வளவு விரைவாக நகர்ந்ததில்லை.

உண்மையாகவே பட்டினி கிடந்தவர் நாச்சியப்பன் ஒருவர்தான். கால்சட்டை இடுப்பில் நிற்காத நிலை வந்ததும் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போனார். "நான் இளைஞனாயிட்டேன். ஓய்வை ரத்து பண்ணுங்க" என்றார்.

தலைமையகம் அறிவியலை மதிப்பது. அவரைத் தராசில் நிறுத்தி, எடையை வைத்து வயது பதினேழு என்று முடிவு செய்தது. ஓய்வு ரத்தாயிற்று. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை இயக்குநராக இருக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவர் பயிற்சி மாணவராக அமர்த்தப்பட்டார். பயிற்சி மாணவர் சிறார் என்பதால் பாதுகாவலர் வேண்டும். நடுவத்தில் முறைப்படி அங்கீகாரம் பெற்ற பாதுகாவலர் ஒருவர்தான் இருந்தார்.

ஜெகதீஸ்வரிக்கு நிரந்தர வேலை கிடைத்தது, பாதுகாவலர் பிரிவின் தலைவராக. தனி அறை, சுழல் நாற்காலி. அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

முதல் வாரம் நாச்சியப்பன் வாசலில் நின்று, "பல் டாக்டர்கிட்ட போகணும்மா" என்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஐயோ, போய்ட்டு வாங்க சார்" என்று எழுந்தே நின்றாள்.

இரண்டாம் மாதம், நாற்காலியிலிருந்தபடியே, "எந்தப் பல்?" என்று கேட்டாள்.

ஐந்தாம் மாதம், "வலிக்குதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றாள். ஆய்வுக்கூடத்துப் பக்கம் போக அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. சிறார் நலனை முன்னிட்டுத் தொட்டிகளுக்கும் பூட்டுப் போட்டாயிற்று.

அடுத்த ஆண்டு முடிவில் நடுவத்துக்கு நாட்டின் தலைசிறந்த நெறிமுறை விருது கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஒரு விதிமீறல்கூட இல்லை. ஓர் ஆய்வும் இல்லை. புதுப் பட்டுப்புடவை சரசரக்க ஜெகதீஸ்வரி மேடையேறிக் கோப்பையை வாங்கினாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் நாச்சியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தொடையில் தட்டினார்.

விருந்தில் குணாளன் பக்கத்தில் வந்து, தயக்கத்தோடு மெல்லக் கேட்டார். "டாக்டர், அந்த அனாதைக் குட்டி என்னாச்சு? அடிக்கடி ஞாபகம் வருது."

ஜெகதீஸ்வரி கறிபாப்பை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"எழுத்து மூலமாக் கேளுங்க, மிஸ்டர் குணாளன்."